தபால்காரி வெட்டிய வரி

புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாத வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாகத்தான் இருப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் பாடுதான் திண்டாட்டம். இந்த வீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவள் புருஷனின் தங்கை குட்டி.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பேச்சு நின்று ஒரு வாரம் ஆகிறது. சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "உன் வீட்டுக்காரி என்ன பண்றா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "வீட்ல சும்மா லென்ஸ் தொடச்சிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டான். பக்கத்து அறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் காதில் அந்த 'சும்மா' விழுந்தது. அன்றைக்கு மூடியவள்தான் வாயை.

அண்ணி செய்வது சும்மா வேலை இல்லை. பூஞ்சை பிடித்துப் போன பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி, திருகு திருகாகக் கழற்றி, கண்ணாடியைச் சுத்தம் செய்து, மறுபடி பூட்டி, இணையத்தில் ஏலம் விடுகிறாள். ஏலத் தளத்தில் அவள் கடைக்குப் பெயர் 'ஜன்னலோரம்'. பதினோரு வருஷமாக நடத்துகிறாள். வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்களில் குறை சொல்ல ஒன்றுகூட இல்லை. அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். வீட்டு வண்டி இரண்டு சக்கரத்திலும்தான் ஓடுகிறது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தே சொல்லிவிட்டான், அதுதான் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே குட்டி தபால்காரி ஆனாள்.

"குளிச்சிட்டு ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறதுக்கு வெக்கமா இல்லையான்னு உங்க அண்ணன்கிட்ட கேளு" என்பாள் அண்ணி. குட்டி போய், "அண்ணா, துண்டைக் கொடியில போடணுமாம்" என்பாள்.

"குழம்புல உப்பை அள்ளிக் கொட்டியிருக்கா. பழி வாங்கறாளான்னு கேளு" என்பான் அண்ணன். குட்டி திரும்பி வந்து, "அண்ணி, குழம்பு நல்லாருக்காம். உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மியா போடலாமாம்" என்பாள்.

முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் பரிமாறுகிற வேலை. சாயங்காலம் பல் ஆஸ்பத்திரியின் முன் மேஜையில் உட்கார்ந்து, வலியில் கத்துகிறவர்களிடம் "டாக்டர் இதோ வந்துட்டார்" என்று இல்லாத டாக்டரை வரவழைத்துப் பழகியவள். இந்தத் திறமையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இன்று காலை வரை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் வாசலில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கூப்பிட்டான்.

"குட்டி, அவகிட்ட ஒரு விஷயம் சொல்லிடு. அவ குளிக்கப் போனப்ப கம்ப்யூட்டர்ல ஒரு மெயில் வந்துது. அவ எடுத்த போட்டோவை எவனோ திருடி வேற இடத்துல போட்டு வித்துட்டிருக்கானாம். ஒரு மணி நேரத்துல பதில் சொல்லலன்னா அவ கடையையே மூடிருவாங்களாம். எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. அதுல இருந்த பொத்தானை அழுத்தினேன். பேரு, பாஸ்வேர்டு எல்லாம் கேட்டுது. போட்டேன். இது என் பொண்டாட்டி எடுத்த போட்டோதான்னு எழுதி அனுப்பிட்டேன். சும்மா லென்ஸ் தொடைக்கறான்னு சொன்ன அதே வாய்க்காரன்தான் இதையும் செஞ்சான்னு சொல்லு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

சமையலறைக்குள் போகும் பத்தடி தூரத்தில் குட்டி தன் கத்தரிக்கோலை எடுத்தாள். 'சும்மா' என்ற சொல் மறுபடி இந்த வீட்டுக்குள் வரவே கூடாது, அதை வெட்டினாள். திருட்டு, கடை மூடுவது என்றால் அண்ணி பதறுவாள், அதுவும் போயிற்று. பொத்தான், பாஸ்வேர்டு எல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம், யாருக்கு வேண்டும்?

"அண்ணி, உங்க கடைக்கு வந்த ஒரு கேள்விக்கு அண்ணனே பதில் போட்டுட்டானாம். உங்க வேலை கொஞ்சம் குறையட்டும்னு."

கடைசி வரி குட்டியின் சொந்தச் சரக்கு.

அண்ணியின் கரண்டி வாணலியிலேயே நின்றது. "அவரா?" என்றாள். பிறகு திரும்பி நின்றுகொண்டாள். ஆனால் முகம் மலர்ந்ததைக் குட்டி பார்த்துவிட்டாள். இன்னும் இரண்டு நாளில் தபால் ஆபீஸை இழுத்து மூடிவிடலாம் என்று சந்தோஷமாகக் குளிக்கப் போனாள்.

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அண்ணி ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் பச்சை டவல், அதன் மேல் அந்தப் பெரிய லென்ஸ்.

மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்தது அது. வந்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. அண்ணி அதோடு மாசக்கணக்கில் மல்லுக்கட்டினாள். இப்போது கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. அவள் கடை கண்டதிலேயே பெரிய ஏலம் இதுதான், இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது.

"குட்டி, எந்தக் கேள்விக்கு உங்க அண்ணன் பதில் போட்டார்? இங்க ஒண்ணுமே காணோமே."

"வந்துதுன்னுதான் சொன்னான்."

"வாங்கறவங்க எது கேட்டாலும் தளத்துக்குள்ள இருக்கற இந்தப் பெட்டியிலதான் வந்து விழும். மெயில்ல வர்றது இதோட நகல்தான். நான் மெயிலைப் பாத்துப் பதில் போடறதே இல்ல, நேரா இங்க வந்துருவேன். இங்க இல்லாத கேள்வி அங்க மட்டும் எப்படி வரும்?"

அண்ணி மெயிலைத் திறந்தாள். படித்தாள். முதுகு நிமிர்ந்தது.

"இங்க வா."

அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை. கோபமாக இருந்தால் குட்டிக்குச் சமாளிக்கத் தெரியும்.

"இதைப் பாரு. 'அன்புள்ள விற்பனையாளரே'ன்னு ஆரம்பிக்குது. பதினோரு வருஷத்துல அவங்க என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்ல. ஜன்னலோரம்னு கடைப் பேரைச் சொல்லித்தான் எழுதுவாங்க. என் பேரே தெரியாதவன் எழுதினது இது." அவள் விரல் திரையில் கீழே இறங்கியது. "ஒரு மணி நேரம்னு கெடு வெச்சிருக்கான் பாரு. ஆற அமர யோசிச்சா நாம அழுத்த மாட்டோம்ல, அதுக்குத்தான். இப்ப இந்தப் பொத்தான் மேல மௌஸ் அம்பை மட்டும் கொண்டு போறேன், அழுத்தல. கீழ ஒரு முகவரி தெரியுதா? அது நம்ம தளமா?"

இல்லை. ஏதோ ஒரு பெயர், அதன் வாலில் ஏலத் தளத்தின் பெயரை ஒட்டவைத்திருந்தார்கள். வேஷம் கட்டிக்கொண்டு வந்த முகவரி.

"உங்க அண்ணன் இதுல பதில் மட்டும்தானே எழுதினார்? வேற ஒண்ணும் பண்ணலயே?"

 குட்டி வாய் திறப்பதற்குள் அண்ணி தளத்துக்குத் திரும்பித் தன் கடைப் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

கடையில் கேமராக்கள் இருந்தன. புத்தம் புதிய, விலை உயர்ந்த கேமராக்கள், வரிசையாக. 'இன்று மட்டும், பாதி விலை' என்று ஒவ்வொன்றின் தலையிலும்.

"இதெல்லாம் யாரோடது? நான் கேமராவே விக்கறதில்லையே!"

அடுத்த நொடி திரை வெளுத்தது. 'நீங்கள் வெளியேற்றப்பட்டுள்ளீர்கள்' என்று ஒரு வரி. அண்ணி பாஸ்வேர்டைப் போட்டாள். தவறு என்றது. மறுபடி போட்டாள். தவறு. பதினோரு வருஷமாக நடத்திய கடையின் கதவை உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்.

"அண்ணி... பாஸ்வேர்டும் போட்டானாம். என்கிட்ட சொன்னான். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அதுல 'சும்மா'ங்கற வார்த்தை இருந்துது. அதை வெட்டப் போனேன். இதுவும் அதோட சேந்து போயிருச்சு."

அண்ணி அவளையே பார்த்தாள். "நீ வார்த்தையை வெட்டல குட்டி. எனக்குக் கெடைச்சிருக்க வேண்டிய நேரத்தை வெட்டிட்டே. அப்பவே தெரிஞ்சிருந்தா அவனுக்கு முன்னாடி நான் பாஸ்வேர்டை மாத்தியிருப்பேன்."

குட்டி அழவில்லை. அழுதால் அண்ணி சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அதற்கு இப்போது நேரமில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அண்ணி உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லி ஒரு வாத்திய இசை சாவகாசமாக ஓடியது. அந்த இசையைப் போட்டவன் கையில் கிடைத்தால் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது குட்டிக்கு. அண்ணி லென்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பணம் போனா சம்பாரிச்சுக்கலாம்" என்றாள், யாரிடமோ சொல்வது போல. "என் பேரை நம்பி எவரோ அந்தக் கேமராவுக்குப் பணம் கட்டுவாங்க. தினம் தினம் வாசலைப் பாத்துட்டு இருப்பாங்க. ஒண்ணும் வராது. அவங்க சாபம் கொடுக்கறது அவனுக்கு இல்ல. ஜன்னலோரத்துக்கு."

ஒருவழியாக ஒரு பெண் குரல் வந்தது. அண்ணி நடந்ததை மளமளவென்று சொன்னாள். அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள். கணக்கு உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, கடை திறந்தபோது கொடுத்த போன் எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்புகிறேன், அது வந்து ஐந்து நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும், தயாரானதும் கூப்பிடுங்கள் என்றாள்.

"கடை திறந்தப்ப என்கிட்ட போனே இல்லையே" என்றாள் அண்ணி. "அது அவரோட நம்பர்."

அண்ணி தயங்கவில்லை. ஒரு வார மௌனத்தை ஒரே மூச்சில் தாண்டி அவளே அண்ணனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை.

"வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கறப்ப போனைத் தொடவே மாட்டான் அண்ணி. சத்தத்தை அணைச்சு காரோட முன் பெட்டிக்குள்ள வெச்சிருவான். நான் போறேன்." குட்டி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"போ. வெளில யார்கிட்டயும் மூச்சு விடாத. கடைப் பேரு கெட்டுப்போச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பிடுச்சுன்னா அப்புறம் அள்ள முடியாது."

டிரைவிங் ஸ்கூலின் பயிற்சி மைதானம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. வழியில் இரண்டு சிக்னலும் சொல்லிவைத்த மாதிரி சிவப்பு. ஒரு லாரிக்காரர் திட்டினார். குட்டி அதைக் காதில் வாங்கக்கூட இல்லை.

மைதானத்தில் நட்ட கம்பங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் பின்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரு வயதான பாங்க் மேனேஜர். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா சார், மெதுவா, பின்னாடி கம்பம் இருக்கு" என்று பாடிக்கொண்டிருந்தான். குட்டி ஸ்கூட்டரைக் காரின் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். அண்ணன் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

"பைத்தியமா உனக்கு? ஏறியிருந்தா?"

"அண்ணா, போனை எடு. அந்த மெயில் பொய்யாம். திருடன் கடைக்குள்ள போய்ட்டான். அண்ணியை வெளில தள்ளிட்டான். ஓ.டி.பி. உன் நம்பருக்குத்தான் வரும்."

ஒரு வாரத்தில் அவள் முழுசாகக் கொடுத்த முதல் தபால் அது.  அண்ணன் பெட்டியைத் திறந்து போனை எடுத்தான். 'தவறிய அழைப்பு' என்று அண்ணியின் பெயர் ஏழு முறை. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

குட்டி தன் போனில் அண்ணியைப் பிடித்தாள். உதவி எண்ணை இன்னொரு போனில் பிடித்திருப்பதாகச் சொன்னாள் அண்ணி. "இப்ப அனுப்பறாங்க."

அண்ணனின் போன் அதிர்ந்தது. குட்டி எண்ணைப் படிக்க வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தன் போனை அண்ணனின் காதருகே நீட்டினாள்.

"நீயே சொல்லு. நான் சொன்னா ஏதாவது விட்டுருவேன்."

அண்ணன் தன் போன் திரையைப் பார்த்துப் படித்தான்.

"ஏழு" என்றான்.

"ஏழு" என்றது அண்ணியின் குரல்.

"சைபர்."

"சைபர்."

"நாலு. நாலு."

"ரெண்டு நாலா?"

"ஆமா. ரெண்டு நாலு. அப்புறம் ஒண்ணு. ஒம்பது."

"ஒம்பது" என்றாள் அண்ணி. அவள் குரல் லேசாகப் பிசிறியது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காருக்குள்ளிருந்து பாங்க் மேனேஜர், "நான் இறங்கலாமா?" என்று கேட்டார். 

வாத்திய இசை மறுபடி கேட்டது. கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அண்ணி சொன்னாள்: "உள்ள போய்ட்டேன்."

அண்ணன் மேனேஜரை இன்னொரு ஆசிரியரிடம் தள்ளிவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டான். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் அன்றைக்குத் தங்கைக்குப் பின்னால் கைகட்டி உட்கார்ந்து வந்தான். 

வீட்டில் அண்ணி இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டிருந்தாள். முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். பணம் போய்ச் சேரும் பாங்க் கணக்கைத் திருடன் மாற்றியிருந்தான், அதைத் தன்னுடையதாக்கினாள். பாதி விலைக் கேமராக்களை ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து எடுத்தாள். இரண்டு பேர் வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தார்கள், பணம் மட்டும் இன்னும் கட்டவில்லை. 'கட்டாதீர்கள், கடைக்குள் திருடன் புகுந்துவிட்டான், மன்னியுங்கள்' என்று இருவருக்கும் எழுதினாள். பெரிய லென்ஸின் ஏலம் மட்டும் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் வாசல்படியிலேயே நின்றான்.

"என்னை எது வேணா சொல்லு" என்றான். குட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை, நேராக அண்ணியைப் பார்த்து. "ஆனா உன் போட்டோவை எவனோ திருடிட்டான்னு பாத்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கல. நீ எவ்ளோ கஷ்டப்பட்டு எடுப்பேன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் சொன்னது வாய்க்கொழுப்பு. தப்பு."

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாஸ்வேர்டு எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம கல்யாண நாள்தானே? முதல் தடவையே சரியா வந்துது."

"ஒவ்வொரு வருஷமும் மறந்துட்டு, திருடனுக்குக் கொடுக்கறப்ப மட்டும் ஞாபகம் வந்துதாக்கும்!"

வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். ஆனாலும் அவன் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான், அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். குட்டிக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது.

மீதி பாதி அடுத்த நிமிஷமே இரண்டு மடங்காக ஏறியது.

"அந்த போட்டோவைக் காட்டு பாப்போம்" என்றாள் அண்ணி. மெயிலோடு ஒரு படம் இணைத்திருந்தது, முதலில் அண்ணி திறக்காதது. பச்சை டவல், மேலே அந்தப் பெரிய லென்ஸ். "இதைப் பாத்துத்தான நம்பினீங்க?"

"உன் டவலாச்சே. உலகத்துல வேற யாரு இந்தப் பாசிக் கலர் டவலை வெச்சிருக்கா?"

அண்ணி படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கிக்கொண்டே போனாள்.

"இது நான் எடுத்த போட்டோ இல்ல."

"என்னது?"

"டவல் என்னோடதுதான். ஆனா இந்த மூலை கிழிஞ்சிருக்கு பாருங்க. நான் எடுக்கறப்ப அதை உள்ள மடிச்சு வெச்சிருவேன், ஒரு படத்துலயும் தெரியாது. வெளிச்சத்தைப் பாருங்க. நான் காலைல ஜன்னல் வெளிச்சத்துல மட்டும்தான் எடுப்பேன். இது டியூப் லைட்டு." அவள் குரல் இறங்கியது. "யாரோ நம்ம வீட்டுக்குள்ள வந்து, இந்த மேஜைல வெச்சு எடுத்திருக்காங்க."

படத்தின் ஓரத்தில், டவலைப் பிடித்தபடி ஒரு கட்டைவிரலின் நுனி தெரிந்தது. நகத்தில் ஊதா நிறச் சாயம், பாதி உரிந்து.

குட்டி தன் கைகளைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். சாயத்தை அவள் அழித்துப் பல நாள் ஆகிவிட்டது. இருந்தும் கை தானாக மறைந்துகொண்டது.

"மூணு பேரைத் தவிர யாரு வந்தா?" அண்ணன் எழுந்துவிட்டான். "அந்த எலக்ட்ரீஷியன்! போன வாரம் ஃபேன் மாட்ட வந்தானே, இந்த ரூம்ல தனியா ஒரு மணி நேரம் இருந்தான். அவன் முதலாளிக்கு இப்பவே போன் போடறேன். வேலையை விட்டே தூக்கச் சொல்றேன்."

அந்த எலக்ட்ரீஷியன் ஃபேனை மாட்டிவிட்டு, தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். அண்ணன் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். குட்டியின் தலைக்குள் கத்தரிக்கோல் பழக்கதோஷத்தில் ஓட ஆரம்பித்தது. பாதியைச் சொல்லலாம். படம் எடுத்ததைச் சொல்லி, அனுப்பியதை விட்டுவிடலாம். அனுப்பியதைச் சொல்லி, யாருக்கு என்பதை விட்டுவிடலாம். எங்கே வெட்டினாலும் ரத்தம் வந்தது.

"போடாத அண்ணா. அது என் விரல்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அண்ணி, நீங்க பார்சல் அனுப்பப் போயிருந்தப்ப நான்தான் எடுத்தேன். லென்ஸைத் தொடாதேன்னு சொல்லியிருந்தீங்க. தொட்டேன். ஒருத்தருக்கு அனுப்பினேன். அவரோட ஃப்ரெண்டுக்கு இந்த மாதிரி லென்ஸ் வேணுமாம், படம் கேட்டார். ஜன்னலோரம் கடையோட மெயில் முகவரியும் கேட்டார், நேரா விசாரிக்கணும்னு. அதையும் கொடுத்தேன்."

"அந்த மெயில் முகவரி நம்ம மூணு பேருக்கும் தளத்துக்கும் மட்டும்தான் தெரியும்" என்றாள் அண்ணி மெதுவாக. "யாரு அவர்?"

"கல்யாணத்துக்கெல்லாம் போட்டோ எடுப்பாரே... ஆஸ்பத்திரிக்குப் பல்வலின்னு வந்தார். அப்புறம் பல்லு சரியானதுக்கு அப்புறமும் வந்தார்."  குட்டி நிறுத்தவில்லை. "எனக்கு அவரைப் புடிச்சிருக்கு அண்ணா. ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேச வர்றேன்னு சொல்லியிருக்கார். நீங்க பேசிக்காம இருக்கீங்களே, எப்படிச் சொல்றதுன்னுதான் சொல்லல. உங்க சண்டை சீக்கிரம் முடியணும்னு நான் வெட்டி ஒட்டினதுல பாதி எனக்காகத்தான். அவர் இப்படிச் செஞ்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா படம் அவருக்கு மட்டும்தான் போச்சு. இதுல நான் எதையும் விடல. இவ்ளோதான்."

 அண்ணன் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். அண்ணி எழுந்து வந்தாள். அறைவாள் என்று குட்டி நினைத்தாள். அண்ணி துப்பட்டாவுக்குள் ஒளிந்திருந்த அவள் கையை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இதை முழுசா சொன்னே பாரு" என்றாள். "அது போதும் இப்போதைக்கு. திட்டறதை அப்புறம் வெச்சுக்கறேன்."

அப்போது மேஜை மேல், பச்சை டவலுக்குப் பக்கத்தில், குட்டியின் போன் ஒலித்தது. திரையில் 'பல்வலி' என்று வந்தது.

"ஆஸ்பத்திரியா?" என்றான் அண்ணன்.

குட்டி இல்லை என்று தலையாட்டினாள். ஆஸ்பத்திரி ஆள் என்று வீட்டில் நினைக்கட்டும் என்றுதான் அவள் அந்தப் பெயரில் வைத்திருந்தாள்.

அண்ணி புரிந்துகொண்டாள். "எடு. ஸ்பீக்கர்ல போடு. எப்பவும் பேசற மாதிரியே பேசு. இங்க நடந்தது எதையும் நீயா சொல்லாத."

குட்டி பச்சை வட்டத்தை அழுத்தினாள். "ஹலோ" என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"சாப்டியா?" என்றது மறுமுனை. அதே இதமான குரல். எத்தனையோ சாயங்காலங்களில் அவள் காத்திருந்து கேட்ட குரல். "ஆமா, உங்க அண்ணி கடையில காலைல ஏதோ பிரச்சனையாமே, இப்ப எல்லாம் சரியாயிடுச்சா?"